புதிதாக மைக்ரோவேவ் வாங்கியவர்களுக்கு: பவர், பாத்திரம், பொறுமை

மைக்ரோவேவ் வாங்கிய முதல் வாரத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான். ஃபிரிட்ஜில் இருந்த சாம்பாரை உள்ளே வைத்து, முழு பவரில் மூன்று நிமிடம் ஓடவிடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஓரம் கொதிக்கிறது, நடுவில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. மறுநாள் இட்லி ரப்பராகிறது, சப்பாத்தி தோல் மாதிரி இழுக்கிறது. மூன்றாம் நாள் அதன்மேல் துணியைப் போர்த்தி மூலையில் ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நேரப் பட்டனை மட்டும் பழகிக்கொண்டு, பவர் பட்டனைத் தொடாமலே விட்டுவிடுவது.

இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் கிரில், கன்வெக்‌ஷன் இல்லாத சாதாரண ‘சோலோ’ வகைக்கானது. (கிரில் என்பது சூட்டுக் கம்பியால் மேற்புறத்தைச் சுடுவது, கன்வெக்‌ஷன் என்பது சூடான காற்றைச் சுழற்றிச் சுடுவது.) நேரக் கணக்கெல்லாம் 800 வாட் கருவியை வைத்துச் சொன்னது. உங்களுடையது 700 வாட் என்றால் நிமிடத்துக்கு 8, 10 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கருவிக்குள் மேக்னட்ரான் என்றொரு குழாய் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காகப் பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட பொருள் இது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945-இல் இதைச் சமையலுக்குத் திருப்பினார். அது வெளிவிடும் அலைகளின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 செ.மீ. உணவில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் இந்த அலைக்கு ஏற்ப ஓயாமல் திரும்பித் திரும்பி ஆடுகின்றன, அந்த ஆட்டம்தான் சூடாக மாறுகிறது.

‘மைக்ரோவேவ் உள்ளேயிருந்து வெளியே வேகவைக்கும்’ என்று சொல்வார்கள். அது சரியல்ல. அலைகள் வெளிப்புறத்திலிருந்து ஏறக்குறைய 2, 3 செ.மீ. ஆழம்தான் வலுவாக இறங்கும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு மெல்லப் பரவித்தான் போகவேண்டும். அதோடு, அலைகள் இரும்புச் சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் சூடு குவியும், சில இடங்களில் ஏறவே ஏறாது. இரண்டு சூட்டுப் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருக்கும். கண்ணாடித் தட்டு சுற்றுவது இதற்காகத்தான். தட்டின் நட்டநடு மட்டும் சுற்றினாலும் இடம் மாறாது. ஆகவே ஒரே ஒரு டம்ளரோ கிண்ணமோ வைப்பதானால் நடுவில் வைக்காமல் ஓரமாக வையுங்கள்.

இடமும் பிளக்கும்

பெட்டியில் 800 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் சூட்டின் அளவு. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் 1200 முதல் 1300 வாட் வரை போகும். கன்வெக்‌ஷன் வகை 2000 வாட்டைத் தாண்டும். அதனால் பெரிய மூன்று முனை கொண்ட 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பெரிய பிளக்கைச் சின்ன பிளக்காக்கும் கன்வெர்ட்டரும் கூடாது, அது சூடேறி உருகி அங்கேயே தீப்பிடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் இரண்டையும் அதே பிளக் பாயிண்டில் சேர்த்துப் போடாதீர்கள். எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம், ஏனென்றால் வெளிப்பெட்டி முழுக்க இரும்பு.

பின்புறம் 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ., மேலே 20 செ.மீ. காற்றுக்கு இடம் விடுங்கள். உங்கள் கருவியின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதன்படியே செய்யுங்கள். மேலே டவலோ பேப்பரோ போடும் பழக்கம் வேண்டாம், காற்றுத் துளைகள் அடைபட்டால் மேக்னட்ரான் சூடேறி ஆயுள் குறையும். கேஸ் அடுப்பை ஒட்டி வைத்தால் எண்ணெய்ப் புகை அந்தத் துளைகள் வழியே உள்ளே போய்ப் படியும்.

மின் அழுத்தம் அடிக்கடி இறங்கும் ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் சமையல் பவர் கணிசமாகக் குறையும். மாலையில் ‘இன்றைக்கு ஏன் சூடே ஆகவில்லை’ என்று தோன்றினால் முதலில் வோல்ட்டேஜைச் சந்தேகியுங்கள்.

உங்கள் கருவியை அளந்து பாருங்கள்

இதை ஒரே ஒருமுறை செய்துவிட்டால் பிறகு எந்தச் சமையல் குறிப்பின் நேரத்தையும் உங்கள் கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் 1 லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு பவரில் 62 விநாடி ஓடவிடுங்கள். உடனே கலக்கி மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 70-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் மைக்ரோவேவின் உண்மையான வாட். 11 டிகிரி ஏறினால் 770 வாட்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கண்ணாடி டம்ளரில் 200 மி.லி. குழாய்த் தண்ணீரை வைத்து, உள்ளே ஒரு மரக்குச்சியைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் கொதிக்கிறது என்று பார்க்கலாம். 800 வாட் கருவியில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வோல்ட்டேஜ் குறைவு, அல்லது மேக்னட்ரான் தேய்ந்துவிட்டது. மரக்குச்சி எதற்கு என்பதைக் கீழே விபத்துகள் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

எந்தப் பாத்திரம்

நம் சமையலறையில் பாதிக்கு மேல் எவர்சில்வர். அதுதான் இங்கே முதல் சிக்கல். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே இருக்கும் உணவு சூடாகாது. விளிம்பு, முள், மடிப்பு என்று கூர்மையான இடங்களில் பொறி பறக்கும். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை எதுவும் மைக்ரோவேவ் முறையில் கூடாது. மறைந்திருக்கும் உலோகத்தையும் பாருங்கள்: தங்கக்கோடு போட்ட பீங்கான் கப், உள்பக்கம் எவர்சில்வர் உள்ள ஹாட்பேக், ஹோட்டல் பார்சலின் அலுமினியத் தாள், பார்சல் பையில் குத்தியிருக்கும் ஸ்டேப்ளர் பின்.

நம்பி வைக்கக்கூடியவை போரோசிலிகேட் எனப்படும் சூடு தாங்கும் கண்ணாடி, கோடு பூ எதுவும் உலோகத்தில் வரையாத வெள்ளைப் பீங்கான், அடியில் ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அச்சிட்ட அல்லது அலைக்கோடுகள் வரைந்த பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கிலும் எண்ணெய் மிதக்கும் குழம்பை வைக்காதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெய் அதைத் தாண்டி ஏறும், பிளாஸ்டிக் இளகிக் குழம்பின் கோட்டிலேயே வெள்ளைத் தழும்பு விழும். ஹோட்டல்காரர்கள் சாம்பார் கட்டிக்கொடுக்கும் பாலிதீன் கவர், மெல்லிய பார்சல் டப்பா, தெர்மாகோல் ஆகியவற்றை அப்படியே உள்ளே வைக்கவே கூடாது. மெலமைன் தட்டு பார்ப்பதற்குப் பீங்கான் மாதிரி இருக்கும், ஆனால் தானே சூடாகி வெடிக்கும். பூச்சில்லாத மண்சட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அதுவும் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும், விரிசலும் விடலாம்.

சந்தேகமான கண்ணாடி, பீங்கான் பாத்திரத்துக்கு ஒரு சோதனை உண்டு. காலிப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரையும் வைத்து, முழு பவரில் 1 நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் பயன்படுத்தலாம். பாத்திரம் சூடானால் அது அலையை உறிஞ்சுகிறது, வேண்டாம். உலோகக் கோடு இருப்பவற்றை இந்தச் சோதனைக்கே கொண்டுவராதீர்கள்.

ஃபிரீசரிலிருந்து எடுத்த கண்ணாடியை நேரே உள்ளே வைப்பதும், சூடான கண்ணாடியை ஈரக் கடப்பைக்கல் மேடையில் இறக்குவதும் விரிசலுக்கு வழி. ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் இறக்குங்கள்.

பவர் பட்டன்

சாதாரண மைக்ரோவேவில் 50% பவர் என்றால் அலை பாதி வலுவில் வருகிறது என்று பொருளில்லை. மேக்னட்ரான் சில விநாடி முழு வேகத்தில் ஓடி, அதே அளவு நேரம் நிற்கும், மறுபடி ஓடும். காது கொடுத்துக் கேட்டால் உறுமல் வந்து போவது தெரியும். அது நிற்கும் நேரத்தில்தான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவுகிறது. இன்வெர்ட்டர் வகைகளில் மட்டும் வலுவே உண்மையாகக் குறையும்.

தண்ணீர், ரசம், காய்கறி வேகவைப்பது ஆகியவற்றுக்கு 100% சரி. சோறு, சாம்பார், காரக்குழம்புக்கு 70%. இட்லி, இடியாப்பம், மீன் குழம்பு, கோழிக் குழம்புக்கு 50%. உறைந்த இறைச்சியை இளக்க 30%. ஃபிரிட்ஜ் வெண்ணெயைத் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவர 10%. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவோரம் ஒட்டிவிடுங்கள், ‘ஆட்டோ மெனு’ பட்டன்களைவிட இது அதிகம் உதவும்.

சூடுபடுத்தும் முறை

சாம்பாரோ குழம்போ கூட்டோ, வரிசை இதுதான்:

1. அகலமான, ஆழம் குறைந்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். உயரமான பாத்திரத்தில் நடு சூடாகாது. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.
2. கெட்டியாக இருந்தால் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.
3. மூடியைத் தளர்வாக வைத்து ஓரத்தில் ஆவி போக இடம் விடுங்கள். இறுக்கி மூடினால் ஆவி அழுத்தி மூடி தெறிக்கும்.
4. ஒரு கப் அளவுக்கு 70% பவரில் 1 நிமிடம்.
5. வெளியே எடுத்து அடிவரை கலக்குங்கள். விட்டுவிடக்கூடாத படி இதுதான்.
6. இன்னும் ஒரு நிமிடம்.
7. கதவைத் திறக்காமல் 1 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு எடுத்து நடுவில் ஆவி வருகிறதா என்று பாருங்கள். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதற்குக் காரணம் அதன் மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுவது. தண்ணீரும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும். இரண்டு கப் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, கட்டிகளை உதிர்த்து, மூடி, 70%-இல் 2 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறல். புதிதாக வடித்த சோறு மாதிரியே வரும். ஆனால் இரவு முழுதும் வெளியில் கிடந்த சோற்றை மைக்ரோவேவ் காப்பாற்றாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் வளர்ந்து உண்டாக்கும் வாந்தி நஞ்சு, எவ்வளவு சூடுபடுத்தினாலும் அழியாது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள், எடுத்தால் ஒரே ஒருமுறை மட்டும் சூடுபடுத்துங்கள்.

இட்லிக்கு: நான்கு இட்லியைத் தட்டின் ஓரமாக வட்டத்தில் அடுக்கி நடுவைக் காலியாக விடுங்கள். மேலே தண்ணீர் தெளித்து, பிழிந்த ஈரத்துணியால் மூடி, 50%-இல் 1 நிமிடம், பிறகு 1 நிமிடம் காத்திருப்பு. துணி இல்லாவிட்டால் வாழையிலைத் துண்டும் போதும். சூடாறிவிட்டால் மீண்டும் இறுகும் என்பதால் சட்னி தயாரான பிறகு வையுங்கள். சப்பாத்தி இரண்டை ஈரத்துணியில் சுற்றி 20 விநாடி, அதற்கு மேல் ஒரு விநாடியும் வேண்டாம்.

பால் கண் இமைக்கும் நேரத்தில் பொங்கும். ஒரு டம்ளர் பாலை அதைப்போல இரண்டு மடங்கு கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, முழு பவரில் ஒரு நிமிடம், பிறகு பத்துப் பத்து விநாடியாகக் கூட்டிப் போங்கள்.

அப்பளம் இந்தக் கருவிக்கென்றே செய்தது போல. இருபுறமும் துளி எண்ணெய் தடவி, ஒன்றே ஒன்றாக வைத்து 40 முதல் 60 விநாடி, முழுதும் வெளுத்துப் பொரிந்ததும் நிறுத்துங்கள். உருளைக்கிழங்கு இரண்டு, சேர்த்து 300 கிராம் அளவு, முள்கரண்டியால் ஐந்தாறு இடங்களில் குத்தி முழு பவரில் 6 நிமிடம், பாதியில் புரட்டுங்கள். எடுத்துத் துணியில் சுற்றி மூன்று நிமிடம் வைத்தால் மசாலாவுக்குத் தயார், குக்கர் தேவையில்லை. வேர்க்கடலை 100 கிராமைப் பரப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி மூன்று, நான்கு நிமிடம். நிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுங்கள், வெளியே வந்த பிறகும் உள்ளே வறுபடும்.

வடை, பஜ்ஜி, தோசைக்கு இது சரிப்படாது. உள்ளே காற்று சூடாவதில்லை, உணவிலிருந்து வரும் ஆவி மேல்தோலிலேயே தங்கி அதை நமுத்துப்போகச் செய்யும். தோசைக்கல்லில் போட்டுத் திருப்புவதே மேல். சோறு வடிப்பதிலும் நேரம் ஒன்றும் மிச்சமாகாது, அதற்குக் குக்கரே போதும். தாளிப்பதையும் அடுப்பில்தான் செய்ய வேண்டும்: மைக்ரோவேவில் எண்ணெயின் வெப்பம் எங்கே நிற்கும் என்று நமக்குக் கணக்கில்லை, கிண்ணம் வெடிக்கவும் கூடும்.

உறைந்த கோழி, மீனை இளக்கும்போது அவசரப்பட்டால் ஓரம் வெந்து நடு பனிக்கட்டியாகவே இருக்கும். பனிக்கட்டி அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும், உருகிய தண்ணீரோ வேகமாக உறிஞ்சும். எனவே ஓர் இடம் உருகிவிட்டால் எல்லாச் சூடும் அங்கேயே சேரும். அரைக் கிலோவுக்கு 30%-இல் 8 முதல் 10 நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டி, பிரிந்து வரும் துண்டுகளை எடுத்துவிடுங்கள். இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

விபத்துகள் எப்படி நடக்கின்றன

வெறும் தண்ணீரை வழுவழுப்பான கண்ணாடியில் வைத்து அதிக நேரம் சூடாக்கினால், குமிழி விட இடம் கிடைக்காமல் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். எடுத்து ஸ்பூனைப் போட்டதும், காபித்தூளைத் தூவியதும் மொத்தமும் ஒரே வீச்சில் முகத்தில் பொங்கும். மரக்குச்சியோ மரக்கரண்டியோ உள்ளே இருந்தால் அதைப் பிடித்துக் குமிழிகள் கிளம்பும், தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கும். ஒரே தண்ணீரை ஆறவிட்டு மறுபடி மறுபடி வைப்பது ஆபத்தைக் கூட்டும்.

முட்டையை ஓட்டோடு வைக்கவே கூடாது. உரித்த அவித்த முட்டையும் வெடிக்கும், சில நேரம் வெளியே எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கும். பாதியாக வெட்டி 50%-இல் வையுங்கள்.

குழந்தையின் பால் பாட்டிலை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பகுதி வாய் வேகும் அளவுக்குச் சூடாக இருக்கும். தாய்ப்பாலானாலும் பவுடர் பாலானாலும் சுடுநீர்ப் பாத்திரத்தில் இறக்கிவைத்தே சூடாக்குங்கள்.

தீ பெரும்பாலும் ஈரமில்லாத பொருளில்தான் பிடிக்கும்: கறிவேப்பிலை காயவைப்பது, கொப்பரை, பாப்கார்ன், காகிதப் பை. இவற்றை வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தீயோ புகையோ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். காற்றில்லாமல் தானே அணையும். உள்ளே ஒன்றுமில்லாமல் ஓடவிடுவதும் கூடாது, உறிஞ்ச ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பிப் போய் அதைக் கெடுக்கும்.

கிரில், கன்வெக்‌ஷன் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கன்வெக்‌ஷன் முறையில் எவர்சில்வர் வைக்கலாம், பிளாஸ்டிக் கூடாது. மைக்ரோவேவ் முறையில் நேரெதிர். பட்டனை மாற்றி அழுத்துவதால் வரும் சேதமே இங்கு அதிகம். கேக் சுட்டு முடித்த சூட்டோடு பிளாஸ்டிக் கிண்ணத்தை உள்ளே வைத்தாலும் உருகிவிடும், அரை மணி ஆறவிடுங்கள்.

சுத்தமும் மைக்கா தகடும்

ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தோலையும் போட்டு, முழு பவரில் 4 நிமிடம். கதவைத் திறக்காமல் 5 நிமிடம் ஆவியில் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் ஒட்டியதெல்லாம் வந்துவிடும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். உட்பூச்சு உரிந்து இரும்பு தெரிந்தால் அங்கேயே பொறி பறக்கும்.

உள்ளே வலது பக்கச் சுவரில், பெரும்பாலான கருவிகளில், அட்டை மாதிரி ஒரு சாம்பல் நிறத் தகடு இருக்கும். அலை வரும் வாயை மூடியிருக்கும் மைக்கா தகடு அது. பலர் அதைப் பேக்கிங் அட்டை என்று நினைத்துப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதன்மேல் தெறித்த எண்ணெய் கருகி, அந்தக் கரி அலையை உறிஞ்சி, ஒருநாள் படபடவென்று பொறி பறக்கும். கருவி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய தகட்டைக் கழற்றி, கடையில் கிடைக்கும் மைக்கா ஷீட்டை அதே அளவில் கத்தரிக்கோலால் வெட்டி மாட்டிவிடலாம். தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தட்டு சுற்றாவிட்டால் அடியில் உள்ள சக்கர வளையமும் நடுக் கொண்டியும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, ஓடும் பாதையில் பருக்கை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கதிர்வீச்சு பற்றிய பயம் பல வீடுகளில் இருக்கிறது. கதவு திறந்த நொடியில் உள்ளிருக்கும் சுவிட்சுகள் மேக்னட்ரானை நிறுத்திவிடும். சுவிட்சைத் தட்டியதும் பல்பு வெளிச்சம் மறைவது போல அலையும் மறைந்துவிடும், உணவில் எதுவும் தங்காது. கதவின் வலைத்துளை ஒரிரு மில்லிமீட்டர், 12 செ.மீ. அலை அதில் நுழைந்து வராது. 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் வரம்பு. செல்போனை உள்ளே வைத்து மணி அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதை அளக்காது. கதவு கோணிப்போயிருக்கிறதா, கீல் ஆடுகிறதா, கொக்கி உடைந்திருக்கிறதா, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் சரிசெய்யும்வரை பயன்படுத்தாதீர்கள்.

உறுமல் சத்தம் கேட்கிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் ஏறவில்லை என்றால் மேக்னட்ரானோ டயோடோ உயர் அழுத்த ஃபியூஸோ போயிருக்கும். அதை வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் அதற்குள் இருக்கும், தொட்டால் உயிர் போகும். ஃபேன், மிக்ஸி பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்பதற்காக அவர் கையிலும் கொடுக்காதீர்கள். அந்தக் கெபாசிட்டரை முதலில் டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்த மைக்ரோவேவ் மெக்கானிக்கை மட்டும் கூப்பிடுங்கள்.